தசமபாகம் தவறாமல் கொடுக்கிறோம், 20-ஆம் தேதிக்கு மேல் கடன் வாங்குகிறோம்

கடுகுவிதை (சத்துவாச்சாரி), ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். சபையில் யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பி.எஃப். பிடித்தம் போக 19,000 கைக்கு வரும். நான் ஒரு லேபில் வேலை செய்கிறேன், 14,000. ஆக 33,000. பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார் எங்களோடு இருக்கிறார். குடி, சூது எதுவும் இல்லை. ஆனாலும் 20-ஆம் தேதிக்கு மேல் யாரிடமாவது ஐநூறு ஆயிரம் கைமாற்று வாங்காமல் மாதம் முடிவதில்லை.

நேற்று முதல்முறையாக எல்லாவற்றையும் பிள்ளையின் பழைய நோட்டில் எழுதினேன். தசமபாகம், அதாவது வரவில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, 3,300. வாடகை 6,500. மகளிர் குழுவில் இரண்டு கடன், வாரம் 1,150, நாலு வாரத்துக்கு 4,600. பைக் தவணை 2,850. ஏலச்சீட்டு 2,000. அறுபதாயிரம் கடனுக்கு மூன்று ரூபாய் வட்டி, அது 1,800. பள்ளியும் வேனும் 2,400. கூட்டினால் 23,450. மீதி 9,550-இல் ஐந்து பேர் சாப்பாடு, கேஸ், கரண்ட், போன், பெட்ரோல், மாமியார் மருந்து. இதில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்த மாதம் அவ்வளவுதான்.

எங்களுக்கு எது குறைவு? விசுவாசமா, கணக்கா?

மல்கியா மூன்று (ஆற்காடு), ஞாயிறு இரவு 10.15

சகோதரி, தசமபாகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 1998-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து நான் எடுத்து வைக்கிறேன். சம்பளம் வராத மாதங்களும் இருந்தன, தேவன் எங்களைப் பட்டினி போட்டதில்லை. வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்று சொன்னவர் சொன்னதைச் செய்கிறவர். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பைக், குழுக் கடன், சீட்டு, அங்கே பாருங்கள்.

காட்பாடி அக்கா, திங்கள் காலை 6.50

தங்கச்சி, நான் ஒரு வங்கியில் முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள். உன் பட்டியலில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

வாரக் கடனை நாலு வாரம் என்று போட்டிருக்கிறாய். வருஷத்துக்கு 52 வாரம். சரியாகக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு 4,983 வரும். வருஷத்தில் நாலு மாதத்திலாவது ஐந்தாவது வாரம் வந்து நிற்கும். நீ கைமாற்று அதிகம் வாங்கிய மாதங்களைத் திரும்பிப் பார், அநேகமாக அந்த மாதங்களாகத்தான் இருக்கும். சம்பளம் மாதக் கணக்கில் வருகிறது, கடன் வாரக் கணக்கில் போகிறது. இந்த இடுக்கில் மாட்டிக்கொண்ட குடும்பங்களைக் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்த மூன்று ரூபாய் வட்டி. காதில் கேட்கச் சின்னதாக இருக்கும். வருஷத்துக்கு 36 சதவீதம் அது. நகையை வைத்தால் வங்கியிலேயே வருஷத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டிக் கடன் கிடைக்கும். எதற்காக வாங்கினாய், எத்தனை மாதமாகக் கட்டுகிறாய், சொல்லு.

லாங்கு பஜார் (வேலூர்), திங்கள் மதியம் 1.20

நான் மளிகைக் கடை வைத்திருப்பவன், கடைக்காரனாகவே சொல்கிறேன். தெருமுனைக் கடையில் நோட்டுப் போட்டு, கால் கிலோவும் பத்து ரூபாய்ப் பாக்கெட்டுமாக வாங்கினால் மாதக் கடைசியில் விலை அதிகம்தான் ஆகும். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையாவது சம்பளம் வந்த வாரமே மண்டி வீதிப் பக்கம் வந்து மொத்தமாக வாங்கிவிடுங்கள். மீதியைத் தெருவிலேயே வாங்கலாம், அவர்களும் பிழைக்க வேண்டும்.

கடுகுவிதை (சத்துவாச்சாரி), திங்கள் இரவு 10.05

அக்கா, அந்த அறுபதாயிரம் என் கொழுந்தன் கல்யாணத்துக்கு வாங்கியது. சபையில் மூத்த மகன் வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்ததோ அப்படியே இதுவும் நடக்க வேண்டும் என்றார்கள். மண்டபத்துக்கும் பிரியாணிக்கும்தான் பெரும்பகுதி போயிற்று. 26 மாதம் ஆகிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் பெருக்கிப் பார்த்தேன். 46,800 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருக்கிறோம். அசல் அப்படியே அறுபதாயிரம். நோட்டை மூடிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கடன் கொடுத்தவர் எங்கள் சபையைச் சேர்ந்த அம்மாதான். ஆலயத்தில் எனக்கு மூன்று பெஞ்ச் முன்னால் உட்காருவார். அசலைப் பிரித்துப் பிரித்து வாங்க மாட்டார், கொடுத்தால் மொத்தமாகக் கொடு என்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதக் கடைசி வாரத்தில் மாமியாருடைய பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஞாயிறும் காணிக்கைக் கவரில் குறையாமல் வைத்தோம்.

பாகாயம் நர்ஸ், திங்கள் இரவு 10.30

மற்றதெல்லாம் பெரியவர்கள் சொல்லட்டும், இதை மட்டும் நாளைக்கே செய்யுங்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுக் கொடுக்கக் கூடாது, பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும். பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நம் வரிப்பணம்தான்.

தோரப்பாடி அண்ணன், செவ்வாய் காலை 7.10

நான் ஆறு ஆண்டு சபைப் பொருளாளராக இருந்தவன். காணிக்கைக் கவர் எண்ணுகிற மேஜையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில கவர்களில் தொகை மாறவே மாறாது. அந்த வீட்டில் வேலை போயிருக்கும், ஆபரேஷன் நடந்திருக்கும், கவரில் மட்டும் அதே தொகை. அதை விசுவாசம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருமுறை அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பணம் வட்டிக்கு வாங்கியது என்று தெரிந்தது. ஆண்டறிக்கையில் பெயருக்கு நேரே தொகை குறைந்து அச்சாகிவிடுமே என்ற பயம் அவர்களுக்கு. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருள்களை ஆலயத்தில் ஏலம் விடுவதும் அப்படித்தான். ஒரு வாழைத்தார் 5,000-க்குப் போகும். சந்தோஷமாக எடுப்பவர்கள் எடுக்கட்டும். கைதட்டலில் எடுத்துவிட்டு ஆறு மாதம் பாக்கி வைத்த வீடுகளுக்கு வசூலிக்கப் போனவன் நான். கதவைத் திறந்தவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள், தங்கச்சி. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லி விட்டுவிடுவதை இயேசு கடுமையாகக் கண்டித்தார். காணிக்கை தப்பு என்று அவர் சொல்லவில்லை. வயதான தாயின் பங்கிலிருந்து எடுத்து அதைக் கொடுக்காதே என்கிறார். உங்கள் மாமியாரின் மாத்திரைப் பணம் உங்கள் கவருக்கு உரியதல்ல. இதை உங்களைக் குற்றப்படுத்த எழுதவில்லை. இப்படி ஒரு பயத்தை உண்டாக்கி வைத்த எங்களைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொரு கேள்வி. எருசலேம் சபைக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாளாகக் கையாளவில்லை. தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பினார், யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று காரணமும் எழுதினார், 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. காணிக்கை எண்ண நாங்களும் தனியாக உட்கார மாட்டோம், இரண்டு பேராவது இருப்போம். அந்த நோட்டை உங்கள் வீட்டுக்காரர் பார்த்தாரா?

கடுகுவிதை (சத்துவாச்சாரி), செவ்வாய் மதியம் 2.00

இல்லை அண்ணா. அவர் சம்பளத்தை என் கையில் கொடுத்துவிடுவார், அதோடு சரி. ஓவர்டைம் முடித்து ஒன்பது மணிக்கு வருகிறவரிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை.

மல்கியா மூன்று (ஆற்காடு), செவ்வாய் இரவு 9.00

சகோதரி, மாத்திரை விஷயத்தை நான் அறியாமல் எழுதிவிட்டேன். என் அம்மா இருந்தபோது நான் கட்டிலருகே உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தவன், அதனால் இன்று முழுக்க மனசு சரியில்லை. தசமபாகம் கொடுக்க வேண்டும் என்பதிலிருந்து நான் மாறவில்லை. ஆனால் தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8-இல் எழுதியிருப்பதும் அதே வேதம்தான். முதலில் அம்மாவுக்கு மருந்து வாங்குங்கள். காணிக்கை விஷயத்தை உங்கள் ஆயரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நல்ல ஆயர் யாரும் கடிந்துகொள்ள மாட்டார். நான் ஜெபிக்கிறேன்.

பாலாறு (வாணியம்பாடி), செவ்வாய் இரவு 11.10

நான் முஸ்லிம், இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் ஜமாஅத் நடத்தும் பைத்துல்மால்களில், அதாவது பொது நிதிகளில், நகையை வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கடன் கொடுப்பார்கள். தவணை தவறினால் வந்து விசாரிப்பார்கள், தொகை ஏறாது. கல்லூரியில் கூடப் படித்த நண்பன் ஒருவன் உங்கள் வேதத்தில் யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தைக் காட்டினான், ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்று அதிலும் இருக்கிறது. அப்படியிருக்க ஒரே ஆலயத்தில் இருக்கிறவர்களுக்குள் மூன்று ரூபாய் வட்டி எப்படி என்று புரியவில்லை. மனம் நோகும்படி கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

தோரப்பாடி அண்ணன், புதன் காலை 6.40

நோகவில்லை தம்பி. நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. கட்டட நிதிக்குச் சபைகள் லட்சக்கணக்கில் சேர்க்கின்றன. மருத்துவச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வட்டியில்லாமல் சுற்றில் விட ஐம்பதாயிரம் ஒதுக்கலாம் என்று ஒரு கமிட்டியில் நானே பேசிப் பார்த்திருக்கிறேன். திருப்பித் தராவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள், பேச்சு அதோடு நின்றுவிட்டது. மறுபடி எடுக்கப் போகிறேன்.

ஆம்பூர்த் தம்பி, புதன் இரவு 8.30

எனக்கு 24 வயது, நானும் ஷூ கம்பெனிதான். சபை வாலிபர் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், ஒரு நிறுவனத்தில் லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம் வரும் என்றார். ஜெபம் பண்ணித்தான் தொடங்கினார். இரண்டு மாதம் வந்தது, அப்புறம் அலுவலகமே பூட்டியிருந்தது. என் பணம் பாதி, அம்மா நகையை வைத்துப் புரட்டியது பாதி. அவரும் ஏமாந்தவர்தான், அதனால் கோபப்படவும் முடியவில்லை. அக்கா, இதை முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்பாடி அக்கா, புதன் இரவு 9.15

தம்பி, ஆளைப் பார்த்து முடிவு செய்யாதே, விகிதத்தைப் பார். மாதம் 8 என்றால் வருஷத்துக்கு 96 சதவீதம். நேர்மையாகத் தொழில் செய்து அவ்வளவு லாபத்தை ஊராருக்குப் பிரித்துக் கொடுக்க யாராலும் ஆகாது. புதிதாகச் சேருகிறவர் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு வட்டி என்று கொடுப்பார்கள், ஆள் சேர்வது குறைந்த மாதம் கதவு மூடும். வங்கி வைப்பு என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. இவர்களிடம் அது ஏது? ரசீதையெல்லாம் பத்திரப்படுத்தி பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்தாகப் புகார் கொடு. அந்த மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போ.

இப்போது கடுகுவிதைக்கு. சீட்டு எத்தனை பேர், எத்தனையாவது மாதம், பதிவு பெற்றதா?

கடுகுவிதை (சத்துவாச்சாரி), வியாழன் காலை 6.15

25 பேர், மாதம் 2,000, ஐம்பதாயிரம் சீட்டு. 14-ஆவது மாதம். தெருவில் ஒரு அக்கா நடத்துகிறார், பதிவெல்லாம் இல்லை. கடைசியில் எடுத்தால் முழுசாக வரும், சின்னவளுக்கு ஒரு செயின் வாங்கலாம் என்று எடுக்காமல் வைத்திருக்கிறேன். மாமியாரை நேற்று சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு மாத மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸ் அக்காவுக்கு நன்றி.

காட்பாடி அக்கா, வியாழன் மாலை 5.30

சீட்டு பாவமா என்று கேட்பவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை அது பாவம் இல்லை, நாலு பேர் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் கைகொடுப்பது. ஆனால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில், நடத்துகிறவர் கைவிரித்தால் உனக்குப் பிடிமானம் கிடையாது. இதில் கடைசி வரை காத்திருப்பவளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கணக்கைப் பார். இந்த மாதமே 8,000 தள்ளி ஏலம் எடுத்தால் 42,000 கைக்கு வரும். அதை அப்படியே அசலில் கட்டினால் கடன் 18,000 ஆகிவிடும், வட்டி 1,800-லிருந்து 540-க்கு இறங்கும். மாதம் 1,260 மிச்சம். சீட்டு முடிய இன்னும் 11 மாதம், அதற்குள் 13,860 மிச்சமாகும். எட்டாயிரத்தை விட்டு அதைப் பிடிக்கிறாய். செயினுக்காகக் காத்திருந்தால் செயின் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை வட்டியாகவே கொடுத்திருப்பாய்.

இதற்கு அந்த அம்மா அசலைப் பிரித்து வாங்கச் சம்மதிக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். நீ மட்டும் போகாதே. மீதிப் பதினெட்டாயிரத்துக்கு நகையை வங்கியில் வைத்து மாற்றினால் வட்டி மாதம் 150 அளவில்தான் வரும். ஆனால் மீட்கும் தேதியை நோட்டில் எழுதாமல் நகையை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டாதே. வைத்த நகையை மறந்தவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது காணிக்கையைப் பற்றித்தான். என் வீட்டில் அதையே எல்லாவற்றுக்கும் பழக்கிக்கொண்டோம். கவர் ஐந்து: காணிக்கை, வாரக் கடன், மருந்து, மளிகை, மொய். முதல் வாரமே 1,250 வீதம் எண்ணி வாரக் கடன் கவரில் போடு. நூறு ரூபாய் கூடப் போடுவது ஐந்தாவது வாரத்துக்காக. மொய்க் கவர் காலியானால் அந்த மாதக் கல்யாணத்துக்குப் போய் வாழ்த்திவிட்டு வா, அன்பு இருக்கிறவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

கடுகுவிதை (சத்துவாச்சாரி), மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 4.10

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

அந்த ஞாயிறே அவரிடம் நோட்டைக் கொடுத்தேன். கால் மணி நேரம் பேசவே இல்லை. பிறகு, கம்பெனி நண்பரிடம் தான் 12,000 வாங்கியிருப்பதாகவும் எனக்குச் சொல்லவில்லை என்றும் சொன்னார். பைக் தவணை தவறிய இரண்டு மாதத்துக்கு வாங்கியதாம். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம், நானும் 46,800-ஐ மறைத்தவள்தானே என்று நினைத்துக்கொண்டேன். அதையும் நோட்டில் எழுதினோம்.

இருவரும் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். வட்டியைக் குறைக்க அவரால் முடியாது என்றார். புருஷன் இறந்தபோது வந்த பணம்தான் அவருக்கு ஆதாரம், பென்ஷன் இல்லை, அந்த வட்டியில்தான் அடுப்பு எரிகிறது. நான் அவரை மனதுக்குள் என்னென்னவோ நினைத்திருந்தேன். அசலைப் பிரித்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார், காபி கொடுத்தார். சீட்டில் இன்னொருவரும் கேட்டதால் 9,000 வரை தள்ள வேண்டியதாயிற்று, 41,000 வந்தது. அன்றைக்கே கொடுத்துவிட்டோம். இப்போது கடன் 19,000, வட்டி 570. நகையை வைக்க எனக்கு மனம் வரவில்லை அக்கா, மாதம் இரண்டாயிரமாகக் கட்டி அடைக்கலாம் என்று இருக்கிறோம்.

ஆயரிடம் பேசினோம். கடன் தீரும்வரை மனதில் நியமித்தபடி கொடுங்கள், கட்டாயமாய் வேண்டாம் என்றார். இப்போதைக்கு வாரம் முந்நூறு வைக்கிறோம். இதைக் கேட்ட மாமியார், சின்ன வயதில் போளூர்ப் பக்கம் அவருடைய அம்மா ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஞாயிறு ஆலயத்துக்குக் கொண்டுபோவார் என்று சொன்னார். இப்போது அடுப்படியில் ஒரு டப்பா வைத்திருக்கிறார்.

தோரப்பாடி அண்ணன், ஞாயிறு இரவு 8.20

அந்த அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். சபை நிதி என்று பேசும்போது கடன் வாங்குகிறவர்களை மட்டும்தான் நினைத்திருந்தேன். கமிட்டி அடுத்த சனிக்கிழமை. அவர்களுக்கும் இந்த அம்மாவைப் போன்றவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

காட்பாடி அக்கா, ஞாயிறு இரவு 8.45

நகை உன் முடிவு, தங்கச்சி, நான் வற்புறுத்த மாட்டேன். சீட்டு எடுத்தாயிற்று என்று மீதி மாதத் தவணையை மட்டும் விட்டுவிடாதே, மற்ற 24 பேர் பணம் அது. இந்த மாதம் 20-ஆம் தேதி எப்படிப் போயிற்று?

கடுகுவிதை (சத்துவாச்சாரி), ஞாயிறு இரவு 9.30

24-ஆம் தேதி கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் முந்நூறு வாங்கினேன், சனிக்கிழமை ஓவர்டைம் பணம் வந்ததும் திருப்பிக் கொடுத்தாயிற்று. மாத்திரை அடுத்த மாதம் 5-ஆம் தேதி வரை இருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறேன்.